புரதத்தின் பிணைப்பை அறிந்த எமில் பிஷர்

மாணவர்களே! புரதம் சமிபாடடைந்து அமினோவமிலமாகிச் சிறுகுடலில் அகத்துறிஞ்சப்படுகின்றது என்று பலமுறை எழுதியிருப்பீர்கள். புரதத்தில் அமினோவமிலங்கள் எவ்வாறு இணைந்துள்ளன என்பதை விளக்கியவர்களுள் முதன்மையானவர் எமில் பிஷர் ஆவார்.

இவர் 1852 ஒக்டோபர் 9 இல் ஜேர்மனியின் ஒய்ஸ்கிர்ஷன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு வர்த்தகர். மகனைக் குடும்பத்தின் மர வியாபாரத்தில் சேர்த்தார். பிஷருக்கோ அதில் நாட்டமில்லை. இறுதியில் தந்தை படிக்க அனுமதித்தார். 1874 இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1892 இல் பேர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1875 இல் இவர் பீனைல் ஐதரசீன் என்ற சேர்வையைக் கண்டுபிடித்தார். வெல்லங்களை வேறுபடுத்தி அறிய அது உதவியது. ஆனால் அதன் நச்சுத்தன்மை அவரது உடல்நலத்தையே கெடுத்தது. எனினும் ஆய்வை அவர் கைவிடவில்லை. நொதியமும் அது தாக்கும் பொருளும் பூட்டும் திறப்பும் போலப் பொருந்தும் என 1894 இல் விளக்கினார். வெல்லம், பியூரின் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்காக 1902 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

அடுத்துப் புரதத்தை ஆராய்ந்தார். 1901 இல் இரு கிளைசின் மூலக்கூறுகளை இணைத்து ஓர் இருபெப்தைட்டை ஆக்கினார். 1907 இல் 18 அமினோவமில அலகுகள் கொண்ட சங்கிலியையே ஆக்கிக் காட்டினார். இவ்வலகுகளை இணைப்பதே பெப்தைட்டுப் பிணைப்பு.

இனி இதை உங்கள் பாடத்துடன் தொடர்புபடுத்திப் பாருங்கள். இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் திரிப்சினும் பெப்தைடேசுகளும் உடைப்பது இப்பிணைப்பையே. விடுபடும் அமினோவமிலங்கள் சடைமுளைகளின் மேலணிக் கலங்களுள் செல்கின்றன. அவற்றுட் பல சோடியம் அயன்களுடன் சேர்ந்தே உட்செல்கின்றன. இதற்குச் சக்தி தேவை. சிறிய பெப்தைட்டுகளும் கலத்தினுள் சென்று அங்கே அமினோவமிலங்களாக உடைகின்றன. பின்னர் அவை குருதி மயிர்க்கலன்களை அடைந்து, ஈரல்வாயினாளம் வழியாக ஈரலுக்குச் செல்கின்றன. பாற்கலனுள் செல்பவை கொழுப்பின் விளைவுகளே என்பதை மறவாதீர்கள். பரீட்சையில் பலர் புள்ளி இழப்பது இவ்விடத்திற்றான்.

பிஷரின் இறுதிக்காலம் துயரமானது. மனைவியை 1895 இலேயே இழந்திருந்தார். முதலாம் உலக யுத்த காலத்தில் மூன்று புதல்வர்களில் இருவரையும் இழந்தார். 1919 ஜூலை 15 இல் காலமானார். எஞ்சிய மகன் ஹேர்மனும் உயிரிரசாயனவியலாளராகத் தந்தையின் வழியிற் சென்றார்.

நோயும் இழப்பும் சூழ்ந்தபோதும் கற்பதை நிறுத்தாத ஒருவரின் உழைப்பு, நீங்கள் எழுதும் இரண்டு வரி விடையின் பின்னால் இருக்கின்றது. அதை விளங்கிப் படியுங்கள். மனனம் செய்யவேண்டிய தேவை குறையும்.