கல் இடிந்தது, காகிதம் நிலைத்தது!

காமிரா இல்லாத காலம் அது. ரோமாபுரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், தாங்கள் கண்ட அதிசயங்களை வீட்டாருக்கு எப்படிக் காட்டுவது? அதற்கு வழி செய்தவர்களில் பெரும் புகழ் பெற்றவர், அந்தோனியோ லாஃப்ரெரி.

இவர் ரோமாபுரிக்காரர் அல்ல. இன்றைய பிரான்சின் கிழக்குப் பகுதியில் 1512-ம் ஆண்டு பிறந்தவர். 1544-ம் ஆண்டுவாக்கில் ரோமாபுரியில் படக்கடை நடத்தத் தொடங்கினார்.

அச்சிட்டது எப்படி?

அந்த நகரில் பழைய மன்னர்கள் கட்டிய மண்டபங்களும் வளைவுகளும் பாழடைந்து கிடந்தன. பளிங்குக் கற்களைப் பெயர்த்துக் காளவாயில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். மீதிக் கற்கள் புது மாளிகைகளுக்குப் போயின.

லாஃப்ரெரி அந்தக் கட்டிடங்களைப் படமாக்கினார். தேர்ந்த கலைஞர்கள் செப்புத் தகட்டில் கோடு கோடாகப் படத்தைச் செதுக்கினார்கள். கோடுகளில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை மேலே வைத்து, உருளைகளுக்கு இடையே அழுத்தினால் படம் தயார்! ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான படங்கள்!

போட்டியாளரே கூட்டாளி

அதே ஊரில் சலமாங்கா என்ற படவியாபாரியும் இருந்தார். 1553-ல் இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டு சுமார் பத்து ஆண்டுகள் நீடித்தது.

வாடிக்கையாளர்கள் தங்களுக்குப் பிடித்த படங்களைப் பொறுக்கி எடுத்துப் புத்தகமாகக் கட்டிக்கொண்டார்கள். அதற்கு முகப்புப் படமும் கடையிலேயே கிடைத்தது. “ரோமாபுரியின் மகிமைக் கண்ணாடி” என்பது அதன் பெயர். ஆளுக்கு ஆள் விருப்பம் வேறு அல்லவா? அதனால் ஒரு புத்தகத்தைப் போல இன்னொன்று இராது!

1575-ம் ஆண்டு கிறிஸ்தவர்களின் புனித ஆண்டு. யாத்திரிகர்கள் திரண்டு வந்தார்கள். அவர்களுக்காக ரோமாபுரியின் ஏழு கோவில்களையும் ஒரே தாளில் காட்டும் படத்தை வெளியிட்டார்.

உயில் இல்லை

1577-ல் லாஃப்ரெரி காலமானார். உயில் எழுதி வைக்கவில்லை. அவருடைய தகடுகளை உறவினர்கள் பிரித்துக்கொண்டார்கள். தகடுகள் பிரிந்தாலும் படங்கள் அச்சாவது நிற்கவில்லை.

செப்டிசோனியம் என்று ஒரு கட்டிடம். செவரஸ் சக்கரவர்த்தி கி.பி. 203-ல் கட்டியது. அதில் மிஞ்சி நின்ற மூன்றடுக்குத் தூண் வரிசையை லாஃப்ரெரி படமாக வெளியிட்டிருந்தார். அவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1588-ல், போப்பாண்டவர் ஐந்தாம் சிக்ஸ்டஸின் உத்தரவுப்படி அதை இடிக்கத் தொடங்கினார்கள். கற்கள் வேறு கட்டிடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற கட்டிடம் மறைந்தது. ஆனால் அதன் உருவம் மறையவில்லை. யாத்திரிகர்கள் நினைவுக்காக வாங்கிப் போன காகிதத்தில் அது இன்றும் நிற்கிறது!