இலையைப் படித்த அறிஞர்

செடியின் இலை மஞ்சளாகிவிட்டால் உரம் போதவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தச் சத்து போதவில்லை என்று கண்டறிவதுதான் கடினம். அதற்குத் தெளிவான வழியை வகுத்த அறிஞர்களுள் ஒருவர் ஜூலியஸ் சாக்ஸ்.

சாக்ஸ் 1832ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவருடைய தந்தை செதுக்கோவியக் கலைஞர். தந்தையிடம் ஓவியம் பயின்ற சாக்ஸ், செடிகொடிகளைக் கூர்ந்து பார்த்து வரையும் பழக்கத்தையும் வளர்த்துக் கொண்டார். ஆயினும், பதின்ம வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். வறுமையால் பள்ளிப் படிப்பும் தடைப்பட்டது. அந்நிலையில் புர்க்கின்யே என்னும் உடலியல் அறிஞர் அவரைப் பிராக் நகருக்கு அழைத்துத் தம் உதவியாளராக வைத்துக் கொண்டார். சாக்ஸ் அறிவியல் படங்களை வரைந்து கொண்டே படித்து, 1856இல் முனைவர் பட்டம் பெற்றார்.

செடி மண்ணிலிருந்து எவற்றை எடுத்துக் கொள்கிறது என்ற கேள்வி அவரை ஆட்கொண்டது. மண்ணில் பல பொருள்கள் கலந்திருப்பதால் அதைக் கொண்டு விடை காண இயலவில்லை. ஆகவே, அவர் மண்ணையே விலக்கினார். தூய நீரில் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் முதலியவற்றின் உப்புகளை அளந்து கரைத்தார். இரும்பை மிகச் சிறிதளவே சேர்த்தார். நாற்றின் வேரை அக்கரைசலில் அமிழ்த்தினார். செடி மண்ணின்றியே வளர்ந்தது. 1860இல் இம்முறையை அவர் வெளியிட்டார். பிறகு, ஒரு சத்தை மட்டும் விலக்கினால் என்ன நேரும் என்று பார்ப்பது எளிதாயிற்று. இரும்பில்லாக் கரைசலில் வளர்ந்த செடியின் புதிய இலைகள் வெளிறின. இரும்பைச் சேர்த்ததும் அவை மீண்டும் பசுமையாயின.

இத்தகைய ஆய்வுகள் வழியே இலையைப் படிக்கும் கலை வளர்ந்தது. இரும்பு செடிக்குள் எளிதில் இடம்பெயராது. எனவே, அதன் குறை முதலில் இளந்தளிரில் தெரியும். மக்னீசியம் பழைய இலையிலிருந்து தளிருக்குச் செல்லும். எனவே, அதன் குறை பழைய இலையில் தெரியும்.

இந்த அறிவு நம் தோட்டப்புறங்களுக்கும் உரியது. கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தெனமாரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. செம்பனையில் கீழ் மட்டைகள் ஆரஞ்சு நிறமாக மாறி, நிழல் விழுந்த பகுதி மட்டும் பச்சையாக இருந்தால், அது மக்னீசியக் குறையின் அடையாளம். கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல், முதிர்ந்த மரத்தின் 17ஆம் மட்டையை வெட்டி ஆய்வுக்கூடத்திற்கும் அனுப்புவர். தவறாகக் கணித்தால் உரமும் உழைப்பும் வீணாகும், விளைச்சலும் குறையும்.

வீட்டுக்குள் நீரில் கீரை வளர்ப்போருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. கரைசலில் சத்து நிறைந்திருந்தும் செடி வாடலாம். கரைசலின் காரத்தன்மை மிகுந்தால் இரும்பு கரையாமல் படிந்துவிடும். வேரால் அதை உறிஞ்ச முடியாது. இதுவே சத்து முடக்கம். பசியால் வாடுகிறது என்றெண்ணி மேலும் உரமிட்டால், உப்பு மிகுந்து வேர் கருகும். முதலில் கரைசலின் பிஎச் அளவைச் சோதித்து, 5.5 முதல் 6.5 வரை இருக்குமாறு சீராக்க வேண்டும்.

சாக்ஸ் 1868 முதல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1897ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மறைந்தார். காரணத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்த பின்னரே முடிவுக்கு வரும் அவருடைய பொறுமை, செடி வளர்ப்போர் அனைவரும் கற்க வேண்டிய பாடமாகும்.