படத்தின் பெயர் கன்னியாகுமரி. வரைந்த இடமோ களக்காடு! யார் இந்த தாமஸ் டேனியல்?

படத்தின் பெயர் 'கேப் கமோரின்'. அதாவது நம்ம கன்னியாகுமரி. ஆனால் ஓவியர் நின்று வரைந்த இடம் நெல்லைச் சீமையின் களக்காடு. படத்தில் மலைதான் பிரதானம். முக்கடலையும் அம்மன் கோயிலையும் தேடினால் கிடைக்காது. பெயரை நம்பிப் பார்க்கும் குமரிக்காரர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வரைந்தவர் தாமஸ் டேனியல். 1749-ல் இங்கிலாந்தின் கிங்ஸ்டனில் பிறந்தவர். அப்பா சத்திரம் நடத்தியவர். மகன் முதலில் கற்றது கோச் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் வேலை. பிறகு ராயல் அகாடமியில் படித்தும் லண்டனில் பிழைப்பு சரியாக ஓடவில்லை. அப்பாவை இழந்த தன் சகோதரர் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு 1785-ல் கப்பல் ஏறினார். பையனுக்கு அப்போது வயது 15. சீனா வழியாகச் சுற்றி, 1786-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

படம் விற்றால்தான் அடுத்த பயணம் என்ற நிலை. கல்கத்தாவில் ஓவியங்களைக் குலுக்கல் போட்டு விற்ற காசில்தான் தெற்கே வந்தார்கள். 1792-ல் மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. சண்டை நடந்த மலைக்கோட்டைகளைப் பார்க்க ஆங்கிலேயர்களிடம் ஏக ஆர்வம். அதனால் முதலில் அந்தப் பக்கம் போய்விட்டு, திருச்சி, மதுரை, பாபநாசம், களக்காடு என்று இறங்கினார்கள். ஆக, கலை ஆர்வத்தோடு கம்பெனி ராணுவம் திறந்துவிட்ட பாதையும் இதில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

கையில் 'கேமரா அப்ஸ்கியூரா'. சின்ன லென்ஸ் வழியே வரும் காட்சி தாளில் விழும். அதன் மேலேயே கோடு இழுக்கலாம். கோபுரத்தின் அளவுகள் பிசகாமல் வந்ததற்கு இதுதான் காரணம். மரம், மேகம், வெயிலில் மட்டும் கொஞ்சம் கற்பனை! தஞ்சைப் பெரிய கோயிலை லின்னேயஸ் டிரைப் போட்டோ எடுத்தது 1858-ல். டேனியலின் அச்சுப்படம் அதற்கு 60 ஆண்டுகள் முன்பே, 1798-ல் வந்துவிட்டது.

1794-ல் ஊர் திரும்பியதும், நீர்வண்ண ஓவியங்களைச் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சாக்கினார்கள். இந்த உழைப்பில் பெரும்பங்கு வில்லியமுடையது. 1795 முதல் 1808 வரை மொத்தம் 144 படங்கள். 'ஓரியன்டல் சீனரி' என்ற பெயரில் வந்தன. இந்தியாவுக்கே வராத ஆங்கிலேயர்கள் நம் கோபுரங்களைப் பார்த்தது இவற்றில்தான். செசின்கோட் மாளிகைத் தோட்டத்துக்கு ஒரு கோயிலையே வடிவமைத்துக் கொடுத்தார் டேனியல்.

கல்யாணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர் 1840-ல் லண்டனில் இறந்தார். அவரைவிட 20 வயது இளையவரான வில்லியம், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.