மத்தி மீன் எல்லாம் எங்கே போச்சு? கடலின் கணக்கைப் போட்ட எட் ரிக்கெட்ஸ்... யார் இவர்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரையில் இருக்கிறது மான்டெரே நகரம். ஒரு காலத்தில் உலகின் மத்தி மீன் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர். 1940-களின் கடைசியில் அங்கே மீனையே காணோம்! காரணம் புரியாமல் ஊரே குழம்பியபோது, கல்லூரிப் பட்டம்கூட இல்லாத ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவர்தான் எட் ரிக்கெட்ஸ்.

யார் இந்த ரிக்கெட்ஸ்?

1897-ல் சிகாகோவில் பிறந்தவர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்தார், ஆனா பட்டம் வாங்கவில்லை. 1923-ல் கலிஃபோர்னியா வந்து, கடல் உயிரினங்களைப் பதப்படுத்தி பள்ளி, கல்லூரிகளுக்கு விற்கும் ஆய்வுக்கூடம் தொடங்கினார். பின்னர் அது, மீன் டின் தொழிற்சாலைகள் வரிசையாக நின்ற மான்டெரே தெருவுக்கு மாறியது.

எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக் இவரது நெருங்கிய நண்பர். 1945-ல் வெளியான கேனரி ரோ நாவலின் டாக் கதாபாத்திரம், ரிக்கெட்ஸை வைத்து உருவானதுதான்.

என்ன பிரச்சனை?

1936-37 சீசனில் மத்தி பிடிப்பு 7 லட்சம் டன்னைத் தாண்டியது. டின்னில் அடைப்பதைவிட, மீனை அரைத்துத் தீவனமும் எண்ணெயும் எடுப்பதில்தான் லாபம் அதிகம். மாநில அரசு கட்டுப்பாடு போட்டதும், கப்பலிலேயே ஆலை வைத்து மாநில எல்லைக்கு வெளியே நின்று அரைத்தார்கள்.

பிடிப்புக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார்கள் மாநில விஞ்ஞானிகள். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது மத்திய மீன்வளத் துறை. இந்த இழுபறியில் வலை ஓயவே இல்லை.

ரிக்கெட்ஸ் போட்ட கணக்கு

கடல் நீரின் வெப்பநிலை, மத்திக்கு இரையாகும் மிதவை நுண்ணுயிர்கள், ஆண்டுதோறும் பிடித்த மீன் அளவு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

கடல் மாறினால் இரை குறையும், மீன் குஞ்சுகளும் குறையும். இது இயற்கை. ஆனா அந்த மோசமான ஆண்டுகளிலும் அதே வேகத்தில் பிடித்தால், மீண்டு வர மீன் மிச்சம் இருக்காது. அளவோடு பிடித்திருந்தால், தொழில் சின்னதாக இருந்தாலும் வருஷா வருஷம் ஓடியிருக்கும். உள்ளூர் செய்தித்தாளில் அவர் எழுதிய கட்டுரைகளின் சாரம் இதுதான்.

பிறகு என்ன ஆச்சு?

1948 மே மாதம், ஆய்வுக்கூடம் அருகே தண்டவாளத்தைக் கடந்தபோது அவரது கார் மீது ரயில் மோதியது. மூன்று நாட்கள் உயிருக்குப் போராடி மே 11-ல் இறந்தார். 51-வது பிறந்தநாளுக்கு மூன்றே நாள் இருந்தது.

1967-ல் கலிஃபோர்னியா மத்தி பிடிக்கத் தடை போட்டது. தொழிற்சாலைகளோ அதற்குள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியிருந்தன. 1969-ல், கடலடி வண்டலில் புதைந்திருந்த மீன் செதில்களை ஆராய்ந்து இரு விஞ்ஞானிகள் முடிவு வெளியிட்டார்கள். பெரிய வலைகள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே, மத்தி கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது!

அப்போ தப்பு கடல் மேலா, மனுஷன் மேலா? ரெண்டும்தான். குறைவது கடலின் வழக்கம், குறையும்போதும் விடாமல் அள்ளியது மனிதன்.

இன்று அமெரிக்காவின் பசிபிக் கரையில் எவ்வளவு மத்தி பிடிக்கலாம் என்பதைக் கணக்கிடும் விதியில், கடல் வெப்பநிலையும் ஒரு அங்கம். மீன் வளம் குறைந்ததால் 2015-ல் அங்கே வணிக ரீதியிலான மத்தி பிடிப்பு மூடப்பட்டது. ரிக்கெட்ஸ் காலத்தில் வராத அந்த முடிவு, அரை நூற்றாண்டு கடந்துதான் வந்தது.