மலையாள வைத்தியர் இட்டி அச்சுதன்

மருந்தைக் கடல் கடந்து தேடுவோர் பலர்; வேலியோரத்திற் படர்ந்து கிடப்பதை அறிவோர் சிலர்; அறிந்ததை உலகுக்கு ஈந்தோர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவராகிய இட்டி அச்சுதன் வைத்தியரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 17-ஆம் நூற்றாண்டிலே, மலையாள நாட்டிற் சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளி என்னும் ஊரில், ஈழவர் குலத்து வைத்தியக் குடும்பமொன்றில் விளங்கினார். அக்குலத்தார் ஈழத்தினின்று போந்தவரென்னும் கர்ணபரம்பரை ஆங்கு வழங்குதலின், இவர் சரிதம் நமக்கு அந்நியமன்று. முன்னோர் வைத்துப்போன ஏடும் கைகண்ட அனுபவமுமே இவருடைய முதுசொம்.

1663-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். 1670 முதல் அங்கே அதிகாரியாயிருந்த வான் றீடே என்பார், பெரும்பொருள் கொடுத்து ஐரோப்பாவிலிருந்து வருவிக்கும் மருந்துகள் பல அந்நாட்டுக் காடுகளிலேயே உளவாதலைக் கண்டு, அவற்றையெல்லாம் ஆராய்ந்து நூலாக்க முயன்றார். கொழும்பையே தலைமைத் தானமாக்க விழைந்த வான் கோயன்சுக்கு எதிரே கொச்சியின் வளத்தைக் காட்டுதலும் அவர் நோக்கங்களுள் ஒன்றென்பர்.

அவர் அழைப்பின்படி கொச்சிக்குச் சென்ற அச்சுதனார், மரஞ்செடி கொடிகளின் பெயர்களையும் குணங்களையும் தம் ஏட்டிலுள்ளவாறும் தாம் பயின்றறிந்தவாறும் துவிபாஷிக்கு எடுத்துரைத்தார். அங்ஙனம் உரைத்தமைக்கு 1675 ஏப்ரல் 20-ஆந் தேதி கோலெழுத்திற் சான்றுபத்திரமும் எழுதிக்கொடுத்தார். ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்னும் கொங்கணப் பிராமணர் மூவரும் தம் நிகண்டு கொண்டு துணைபுரிந்தனர். இலத்தீன் பாஷையில் "ஓர்த்துஸ் மலபாரிக்குஸ்" எனப் பெயரிய அந்நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 பாகங்களாக வெளிவந்தது. 742 தாவரங்கள் அதிற் கூறப்பட்டன. சுவீடன் தேசத்து இலின்னேயுஸ் பண்டிதர் 1753-இல் வெளியிட்ட தாவர நூலுக்கும் அது ஆதாரமாயிற்று. 2003-இல் மணிலால் என்னும் பேராசிரியர் அதனை ஆங்கிலத்திற் கொணர்ந்தார்.

நம் பனை அதன் முதற் பாகத்திலேயே கரிம்பனை என்னும் பெயரோடு நிற்கின்றது. காமாலைக்கு நம் கிராமத்துப் பரியாரிமார் அரைத்துக் கொடுக்கும் கீழ்காய்நெல்லியும் அதில் உண்டு. சிவபெருமானுக்கு உகந்த கூவிளம், மலையாள வழக்கின்படி கூவளமென 3-ஆம் பாகத்தில் இடம்பெற்றது. ஆயின் அக்காலத்தில் அச்சுதனாரின் குலத்தார் அப்பத்திரம் சாத்தப்பெறும் கோயிலினுட் புகுதல் மறுக்கப்பட்டிருந்தனர். திருவிதாங்கூரிலே அத்தடை நீங்கியது 1936-இற்றான். மேலோர் கீழோரென்னும் பேதமின்றி நிழல்தரும் கூவிளத்தின் அருகே மனிதர் வேலியிட்டமை சைவர்களாகிய நாம் நாணற்பாலதன்றோ? நம் நாட்டுக் கோயில் வாயில்களிலும் அவ்வேலி நின்றதை மறத்தலாகாது.

பிறிதொன்றும் கருதற்பாலது. அச்சுதனார் தம் ஏட்டைப் பெட்டகத்துட் பூட்டி வைத்திருப்பின், அது கறையானுக்கு இரையாகி அவர் பெயரும் மறைந்திருக்கும். சொல்லிவைத்தமையாலன்றோ முந்நூறு ஆண்டு கடந்தும் வாழ்கின்றார்! மருந்து முறையை மகனுக்கும் மறைத்து மாண்ட பரியாரிமார் நம் ஊர்களிலும் உளர். ஆதலின், ஏடுடையோர் அவற்றைப் பிரதிசெய்வித்துக் காப்பாராக. முதியோர் தாமறிந்த பூண்டுகளைச் சிறாருக்குக் காட்டுவாராக. நம் பாடசாலைகளும் கோயில் நந்தவனங்களும் மூலிகைகளை வளர்த்துப் பெயர் எழுதி வைப்பனவாக. அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் வழிபாடாம்.