மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 – பெப்ரவரி 18, 1996) தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர், எழுத்தாளர் மற்றும் ஒளிப்படக் கலைஞர் ஆவார். தென்னிந்தியக் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்ததற்காகவும், இந்திய நாட்டு நாய்களைப் பற்றிய எழுத்துக்காகவும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

தமிழ்ப் புதின முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் கடைசி மகனாகத் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை 1925 இல் காலமானபோது கிருஷ்ணனுக்கு வயது 13. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். அங்கு பேராசிரியராயிருந்த பைசனுடன் மலைக்காடுகளுக்குச் சென்றது அவருடைய ஈடுபாட்டை வளர்த்தது. சட்டமும் படித்தார், எனினும் அத்தொழிலில் நிலைக்கவில்லை. 1942 இல் சண்டூர் சமஸ்தானத்தில் பணியேற்று, ஆசிரியர், நீதிபதி எனப் பல பொறுப்புகளை வகித்தார். 1949 இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் சென்னை திரும்பி, வேறு வேலைக்குச் செல்லாமல் எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 இல் தொடங்கிய அவரது பத்தி, அவர் மறையும் வரை 46 ஆண்டுகள் வெளிவந்தது.

ஒளிப்படக் கலை

முதுமலை, ஆனைமலை போன்ற காடுகளில் பழக்கப்பட்ட யானையின் மீதமர்ந்தும், நடந்தும் படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். வண்ணப்படம் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையைக் கைவிடவில்லை. யானையின் தோல் மடிப்பு, காதோரக் கிழிசல், தந்தத்தின் வளைவு ஆகியவற்றை இம்முறை தெளிவாகக் காட்டும். இவையே ஒரு யானையை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் அடையாளங்களும் ஆகும். ஆகவே அவருடைய படங்களை அழகுக்காக மட்டுமன்றி, தனித்தனி விலங்குகளைப் பற்றிய ஆவணமாகவும் கொள்ளலாம்.

1968 இல் ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். இதன் முடிவுகளைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975 இல் நூலாக வெளியிட்டது. செந்நாயைக் கொன்றால் அரசு வெகுமதி அளித்துவந்த காலம் அப்போதுதான் முடிவடைந்திருந்தது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அவ்விலங்குக்குக் காப்பளித்தது.

நாட்டு நாய்கள்

அயல்நாட்டு மரங்களைக் காட்டிலும் பூங்காவிலும் நடுவதைக் கிருஷ்ணன் எதிர்த்தார். இந்த மண்ணுக்குரிய உயிர்களே பேணத்தக்கவை என்பது அவர் கொள்கை. நாய்கள் விடயத்திலும் அவர் நிலைப்பாடு இதுவே. வசதி படைத்தோர் அல்சேசனையும் லாப்ரடாரையும் வாங்கியபோது, பாளையக்காரர் நாய் முதலிய தென்னிந்திய வேட்டை நாய்கள் அருகி வருவதை எழுதினார். கவனிப்பு மெதுவாகவே வந்தது. இந்திய அஞ்சல்துறை இராஜபாளையம் உள்ளிட்ட நான்கு நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது 2005 இல்தான்.

தமிழ்ப் பணி

கொங்கு நாட்டவரான பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராயிருந்த கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகள் குறித்த கட்டுரைகள் எழுதினார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் புதினமும் இவருடையதே. காட்டை எழுதியவரிடம் இப்படியொரு நூலைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. இவரது தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் தொகுத்தார்.

பத்மசிறீ விருது பெற்றார். ஒளிப்படங்கள் அடங்கிய தொகுப்பு நூல், மறைவுக்குப் பத்தாண்டுகள் கழித்து 2006 இல் வெளியானது.