தறி மேலே உட்கார்ந்திருக்கிற ஜக்கார்டு யார்?



இந்த மாசம் சுவர் இதழில் 'சாதித்தவர்கள்' பகுதிக்கு நான் எடுத்துக்கிட்ட ஆளை உங்களில் பாதிப் பேருக்குப் பெயராகத் தெரியும். ஆனால் அவர் ஒரு மனிதர் என்று தெரியாது. பிள்ளையார்பாளையம் பக்கம் எந்தத் தறி வீட்டுக்குப் போனாலும் தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். மிதியை மிதிச்சா 'டக்'குன்னு ஒரு அட்டை நகரும். அதுக்கு நாம ஜக்கார்டு என்று சொல்றோம். அது அந்தப் பெட்டியைச் செய்தவரின் பெயர். முழுப்பெயர் ஜோசப் மேரி ஜக்கார்டு. ஊர், பிரான்ஸ் நாட்டில் உள்ள லியோன். நம்ம காஞ்சிபுரம் மாதிரியே அதுவும் ஒரு பட்டு ஊர்!

கம்ப்யூட்டர் லேபுக்கு முதல் தடவையா வர்ற தம்பி தங்கைகளுக்காகவே இதை எழுதுறேன். ஏன்னு கடைசியில் புரியும்.

பள்ளிக்கூடம் போகாத சிறுவன்

ஜக்கார்டு 1752-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி பிறந்தார். அப்பா நெசவாளர். சொந்தத் தறி, சொந்தப் பட்டறை வைத்திருந்தவர். ஆனாலும் மகன் பள்ளிக்கூடம் போகலை. 13 வயது வரைக்கும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். அப்புறம் அச்சுக்கூடமும் புத்தகக் கடையும் வைத்திருந்த அவருடைய அக்கா வீட்டுக்காரர்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் பட்டில் பூ வேலை செய்யணும்னா தறிக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் நாடா ஓட்டுவார். இன்னொருத்தர், பெரும்பாலும் ஒரு சின்னப் பையன், எந்தெந்தப் பாவு இழை மேலே தூக்கணுமோ அதுக்கான கயிறுகளைப் பிடிச்சு இழுப்பான். ஒவ்வொரு ஊடைக்கும் இழுக்கணும். நாள் முழுக்க அதே வேலை. ஜக்கார்டும் சின்ன வயசில் இந்த வேலை செய்து கஷ்டப்பட்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான் வந்தது. நம்ம ஊரிலும் ஜக்கார்டு பெட்டி வர்றதுக்கு முன்னாடி 'அடை' முறைன்னு ஒண்ணு இருந்தது. டிசைனுக்குத் தகுந்த மாதிரி நூல் கட்டி வைத்து, ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து இழுத்துக் கொடுக்கணும். எங்க தாத்தா எட்டு வயசில் அடை இழுக்க உட்கார்ந்தவர். அதனால் கையெழுத்துப் போட மட்டும்தான் கத்துக்கிட்டார். லியோன் எங்கே, காஞ்சிபுரம் எங்கே? ஆனால் அந்தப் பையன்களின் கை வலி ஒண்ணுதான்.

கஷ்ட காலம்

1772-ல் அப்பா இறந்ததும் வீடும் தறிகளும் ஜக்கார்டுக்கு வந்தன. ஆனால் அவருக்கு வியாபாரம் சரிப்பட்டு வரலை. கடன் ஏறியது. சொத்து கரைஞ்சது. 1778-ல் கல்யாணம் ஆனது. ஒரு மகன் பிறந்தான். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793-ல் லியோன் நகரமே முற்றுகைக்கு ஆளானது. அப்பாவும் மகனும் ஊரைவிட்டுத் தப்பித்துப் படையில் சேர்ந்தார்கள். சண்டையில் அந்த மகன் இறந்துபோனான்.

ஒரே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஜக்கார்டு ஊருக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. கையில் காசு இல்லை. பெரிய படிப்பு இல்லை. இதோடு முடிஞ்சதுன்னு யாராக இருந்தாலும் நினைச்சிருப்பாங்க. ஆனால் அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது இதற்கு அப்புறம்தான்!

துளை போட்ட அட்டை

1801-ல் பாரிஸ் கண்காட்சியில் தன்னுடைய புதுத் தறியை வைத்தார். வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பிறகு அவரைப் பாரிஸுக்கு வரவழைத்து, இயந்திரங்கள் சேகரித்து வைத்திருந்த ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை செய்யவிட்டார்கள். அங்கே வோகான்சன் என்பவர் முன்பு செய்த பழைய தறி ஒன்று கிடந்தது. அதைப் பிரித்துப் பார்த்துப் படித்தார்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். துளையிட்ட காகிதத்தால் தறியை நடத்தலாம் என்று முதலில் யோசித்தவர் ஜக்கார்டு இல்லை. 1725-ல் பூஷோன் என்பவர் காகிதச் சுருளில் துளை போட்டார். அடுத்து ஃபால்கோன் அதையே தனித்தனி அட்டையாக மாற்றினார். அதற்குப் பிறகு வந்தவர்தான் வோகான்சன். இந்த மூணு பேர் செய்ததையும் ஒண்ணு சேர்த்து, ஒரே நெசவாளர் தன் காலால் மிதித்தே வேலை வாங்கும்படி 1804-ல் செய்து காட்டியவர் ஜக்கார்டு. அவருக்குப் பின்னால் பிரெத்தோன் என்பவர் வந்து குறைகளைச் சரி செய்தார். எல்லாக் கண்டுபிடிப்பும் இப்படித்தான் போல. ஒருத்தர் பாவு போட, இன்னொருத்தர் நெய்து முடிக்கிறார்.

அது எப்படி வேலை செய்கிறது? பெட்டிக்குள்ளே வரிசையாக ஊசிகள் இருக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கொக்கி. கொக்கிக்குக் கீழே பாவு இழைகள். அட்டை வந்து ஊசிகள் மேல் அமுங்கும். துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், அதன் கொக்கி மேலே தூக்கப்படும், இழையும் எழும்பும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், அந்த இழை கீழேயே நிற்கும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. மயில், யானை, ருத்ராட்சம் என்று எந்த டிசைனாக இருந்தாலும் அத்தனையும் துளை இருக்கு, துளை இல்லை என்ற ரெண்டே செய்திதான்.

கோபமும் மரியாதையும்

லியோன் நெசவாளர்கள் இந்தத் தறியை உடனே கும்பிட்டு ஏத்துக்கலை. கயிறு இழுக்கிறவர்களின் வேலை போய்விடுமே என்று பயந்தார்கள். தறிகளைக் கொளுத்தினார்கள். ஜக்கார்டையும் தாக்கினார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் எழுத மாட்டேன். கூலியை நம்பி இருக்கிற வீட்டில் பிறந்தவங்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

அரசாங்கம் வேறு மாதிரி நடந்தது. 1806-ல் இந்தத் தறியைப் பொதுச் சொத்தாக அறிவித்தது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதற்குப் பதிலாக ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும் தறிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் கொடுத்தது. கொஞ்ச வருஷத்தில் பிரான்ஸில் ஆயிரக்கணக்கான தறிகளில் அந்தப் பெட்டி ஏறிவிட்டது. 1819-ல் நாட்டின் உயர்ந்த விருதான லெஜியன் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது.

ஆனால் துணி வேகமாக வந்ததால் நெசவாளர் வாழ்க்கை உயர்ந்துவிடவில்லை. 1831-ல் நியாயமான கூலி விலையை நிர்ணயிக்கச் சொல்லி லியோன் பட்டு நெசவாளர்கள் பெரிய போராட்டமே நடத்தினார்கள். அப்போது ஜக்கார்டு உயிரோடு இருந்தார். 1834 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, லியோனுக்குப் பக்கத்தில் உள்ள ஊலான் என்ற ஊரில், 82 வயதில் காலமானார்.

நம்ம ஊர்க் கதையும் இதேதான். ஜக்கார்டு பெட்டி வந்ததும் அடை இழுக்கிற வேலை போனது. ஆனால் கோர்வைச் சேலையில் கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் கோர்க்க இன்னொரு ஆள் வேணும். அதுக்கும் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கிற வழக்கம் ரொம்ப நாள் இருந்தது. இயந்திரம் வந்ததால் மட்டும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்துவிடலை. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், சத்துணவு, பிடிவாதமாக வீடு வீடாக வந்த ஆசிரியர்கள், இவங்க எல்லாரும் சேர்ந்துதான் நம்மை இந்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்க தாத்தா அடை இழுத்தார். எங்கப்பா எட்டாவதோடு தறிக்குப் போனார். நான் பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன்.

தறியிலிருந்து கம்ப்யூட்டர்

ஜக்கார்டு கம்ப்யூட்டர் செய்யலை. அவர் தறி கணக்குப் போடாது, கூட்டாது, கழிக்காது. அட்டை சொன்னதை மட்டும் செய்யும். ஆனால் இயந்திரம் ஒண்ணு, அட்டையை மாத்தினால் வேலை மாறும் என்ற யோசனை அதில் இருந்தது.

1839-ல், அவர் இறந்த பிறகு, அவருடைய உருவப்படத்தையே ஜக்கார்டு தறியில் பட்டால் நெய்தார்கள். அதுக்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன! அந்தப் பட்டுப் படம் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ். தான் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கும் இதே மாதிரி துளை அட்டையால் கட்டளை கொடுக்க அவர் நினைத்தார். அந்த இயந்திரம் கடைசிவரை செய்து முடிக்கப்படலை. ஆனால் 1843-ல் அடா லவ்லேஸ் என்ற பெண்மணி அதை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டு விளக்கி, அதுக்கான கணக்கு வழிமுறையையும் எழுதி வெளியிட்டார்.

1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளை மின்சாரத்தால் எண்ணும் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய நிறுவனம் மற்ற சிலவற்றோடு இணைந்து 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. 1973-ல் நம்ம சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த பெரிய ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கும் மாணவர்கள் அட்டையில் துளை போட்டுத்தான் புரோகிராம் கொடுத்தார்கள்.

இப்போது அட்டை போய்விட்டது. ஆனால் 'துளை இருக்கு, இல்லை' போகலை. அதுதான் 1, 0. நாம கீபோர்டில் 'அ' அடித்தால், யூனிகோடு முறையில் அதுக்கு 2949 என்று ஒரு எண். அதை அனுப்பும்போது யூ.டி.எஃப்-8 முறையில் இப்படி ஆகும்:

11100000 10101110 10000101

24 இடம். 11 இடத்தில் துளை, 13 இடத்தில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'காஞ்சி' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்கு அது 6 குறிகள், 18 பைட், மொத்தம் 144 இடம். இந்த 144-ஐயும் லண்டனில் இருக்கிற கம்ப்யூட்டர் அதே வரிசையில் படிப்பதால்தான் அங்கேயும் 'காஞ்சி' என்றே தெரிகிறது. இ-மெயில், வாட்ஸ்அப், போட்டோ எல்லாமே இந்த அட்டை மாலைதான்.

புதுசா லேபுக்கு வர்றவங்களுக்கு

1. ஒரு துளை தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணும். இ-மெயில் முகவரியில் ஒரு எழுத்து தப்பினால் கடிதம் வேற யாருக்கோ போகும், இல்லைன்னா திரும்பி வரும். அனுப்பும் முன் ஒரு தடவை படிங்க.

2. கம்ப்யூட்டர் நாம நினைச்சதைச் செய்யாது, சொன்னதைத்தான் செய்யும். வேலை தப்பாக வந்தால் மானிட்டரைத் தட்டாதீங்க. நாம கொடுத்த கட்டளையைப் பாருங்க.

3. நெய்து முடிச்ச டிசைன் அட்டையைக் கட்டி, பேர் எழுதி, பத்திரமா வைப்பாங்க. நீங்களும் வேலையை அடிக்கடி 'சேவ்' பண்ணுங்க. ஃபைலுக்குப் புரியற மாதிரி பேர் வைங்க. இன்னொரு காப்பி பெண்டிரைவில் வைங்க.

4. புது டிசைன் அட்டையை யாரும் பக்கத்துத் தறிக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டாங்க. பாஸ்வேர்டும் அப்படித்தான். நண்பனுக்கும் வேண்டாம். செல்போனுக்கு வர்ற ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. வீட்டில் அம்மா அப்பாவுக்கும் இதைச் சொல்லி வைங்க.

இப்போ நம்ம ஊரில் சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதிலிருந்து அட்டை அடிக்கிறாங்க. அட்டையே இல்லாத எலக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்துவிட்டது. தறி வேறு, கம்ப்யூட்டர் வேறு என்று நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் கரைக்கும் முந்திக்கும் உழைத்த கைகளுக்குச் சொந்தம். அந்தக் கைகளுக்கு நியாயமான விலை கிடைக்க, நல்ல டிசைன் வரையவும், கணக்குப் பார்க்கவும், வாங்குகிறவருக்கு நேராகக் கடிதம் எழுதவும் தெரிஞ்ச பிள்ளைகள் வீட்டுக்கு ஒருத்தராவது வேணும். லியோன் நெசவாளர்கள் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றதால்தான் பயந்தார்கள். அட்டையில் துளை போடத் தெரிந்தவர்களாக நாம இருந்தால் பயப்பட என்ன இருக்கு?

இந்த மாதப் புதிர்: 'அ' எண் 2949. 'ஆ' எண் 2950. அப்படியானால் 'ஆ'வுக்கு எத்தனை துளை, எத்தனை வெறும் இடம்? விடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இதழ்ப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்!



– 11-ஆம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு